தாடை மூட்டு சிகிச்சைக்கு மூத்த குடிமக்களின் காப்பீட்டில் பணம் பெறுவது எப்படி: தில்லித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால், விரலுக்கு அடியில் ஓர் எலும்பு அசைவது தெரியும். கீழ்த்தாடை எலும்பின் தலைப்பகுதி மண்டையோட்டின் பொட்டெலும்போடு சேரும் இடம் அது. மருத்துவர்களும் காப்பீட்டுக்காரர்களும் அதைச் சுருக்கமாக டி.எம்.ஜே. என்பார்கள். எலும்புத் தேய்மானம், முடக்குவாதம், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம், எப்போதோ விழுந்து தாடையில் பட்ட அடி என்று பல காரணங்களால் இந்த மூட்டு கெடலாம். கெட்டால் மெல்லும்போது வலிக்கும், வாய் திறக்கையில் சொடக்குச் சத்தம் கேட்கும், காதுக்குள் வலிப்பதுபோல் இருக்கும், சிலருக்கு இட்லியைக்கூடப் பிட்டுப் பிட்டுத்தான் வாயில் வைக்க முடியும்.

சிகிச்சைக்குப் பணம் கேட்கும்போது பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் கிடைக்கும் பதில், ‘இது பல் சிகிச்சை, பாலிசியில் இதற்கு இடமில்லை’ என்பதுதான். நோயாளி முதலில் பார்த்தவர் பல் மருத்துவர், முதல் சீட்டு பல் மருத்துவமனையின் சீட்டு, எடுத்த முதல் படமும் பற்களைக் காட்டும் ஓ.பி.ஜி. எக்ஸ்-ரே என்பதால், கோப்பைப் புரட்டும் அலுவலர் அந்த முடிவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆகவே, கெட்டிருப்பது பல் அன்று, ஒரு மூட்டு என்பதை முதல் சீட்டிலிருந்தே காகிதத்தில் நிலைநாட்டுவதுதான் இந்தக் கிளெய்மின் பாதி வேலை. கீழே சொல்லப்படுபவை அனைத்தும் அதைச் சுற்றியே அமைந்தவை. இணையத்தில் இதைப் பற்றித் தேடினால் அமெரிக்காவின் மெடிகேர் திட்டத்தைப் பற்றிய பக்கங்களே வரிசையாக வந்து நிற்கும். தில்லியில் எடுத்த பாலிசிக்கு அவற்றில் ஒரு வரியும் பொருந்தாது.

பணத்துக்கு முன் நோய்

ஐம்பது வயதைக் கடந்தவருக்கு மெல்ல மெல்லத் தாடை வலி கூடி, நிறுத்தினால் குறைந்து, கூடவே நெற்றிப்பொட்டில் தலைவலியோ, தலை வாரும்போது உச்சியில் நோவோ, பார்வை மங்கலோ இருந்தால், அது தாடை மூட்டுக் கோளாறாக இல்லாமல் தலையின் தமனிகளில் வரும் அழற்சியாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடக்கூடிய நோய் அது. அன்றைக்கே பொது மருத்துவரிடம் போய் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். அதேபோல, மாடி ஏறும்போது தாடையில் வலி வந்து, உட்கார்ந்தால் அடங்கினால், இதய மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இவை இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகே பாலிசியைக் கையில் எடுங்கள்.

எந்தப் படிக்குப் பணம் வரும், எதற்கு வராது

இந்தக் கோளாறுக்கான சிகிச்சை படிப்படியாக ஏறும். மென்மையான உணவு, வெந்நீர் ஒத்தடம், வலி மாத்திரை, பிசியோதெரபி, இரவில் பல்லின் மேல் அணியும் ஸ்பிளின்ட் ஆகியவை முதல் படி. பெரும்பாலானோர் இதிலேயே தேறிவிடுகிறார்கள். அடுத்தது, இரண்டு ஊசிகளைச் செலுத்தி மூட்டுக்குள்ளிருக்கும் இடத்தை உப்புநீரால் கழுவும் ஆர்த்ரோசென்டெசிஸ். அதற்கும் மேலே ஆர்த்ரோஸ்கோபி, மூட்டைத் திறந்து செய்யும் அறுவை, முற்றிலும் சிதைந்த மூட்டுக்குச் செயற்கை மூட்டு ஆகியவை.

முதல் படி முழுவதும் புறநோயாளிச் சிகிச்சை. சாதாரண மருத்துவக் காப்பீடு மருத்துவமனையில் சேர்ந்து செய்துகொள்ளும் சிகிச்சைக்கு எழுதப்பட்டது. ஆகவே ஓ.பி.டி. பிரிவு சேர்ந்த பாலிசியாக இருந்தாலன்றி ஸ்பிளின்டுக்கோ பிசியோதெரபிக்கோ தனியாகப் பணம் வராது. இதற்காகக் கடிதம் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. தில்லி கேட் மெட்ரோ நிலையத்துக்கு அருகிலுள்ள மௌலானா ஆசாத் பல் மருத்துவ அறிவியல் நிறுவனத்திலும், அன்சாரி நகர் எய்ம்ஸ் வளாகத்தின் பல் மருத்துவ மையத்திலும் இந்தப் படிச் சிகிச்சை தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத குறைந்த செலவில் கிடைக்கும். வரிசையில் நிற்கும் பொறுமையும், காலையிலேயே கிளம்பும் தெம்பும், கூட வர ஓர் ஆளும் இருந்தால் போதும்.

இன்னொரு தவறான யோசனையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ‘ஓர் இரவு சேர்த்துவிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டால் கிளெய்ம் கிடைத்துவிடும்’ என்று சிலர் அறிவுரை கூறுவார்கள். பரிசோதனைக்காகவே மருத்துவமனையில் சேர்வது எல்லாப் பாலிசிகளிலும் உள்ள நிலையான விலக்குகளில் நான்காவது எண்ணில் இருக்கிறது. அந்தச் செலவு கையைவிட்டுப் போவதோடு, பின்னால் உண்மையாகவே அறுவை செய்யும்போது கோப்பில் ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே எம்.ஆர்.ஐ.யை வெளியில் எடுத்து, பாலிசி குறிப்பிடும் 30 அல்லது 60 நாட்களுக்குள் அதே நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தால், அது சேர்வதற்கு முந்தைய செலவு என்ற தலைப்பில் முறையாகவே கிடைத்துவிடும். முதல் படியில் செய்த பிசியோதெரபிக்கும் அந்தக் கால எல்லைக்குள் வருமானால் இதுவே வழி. எனவே அறுவை முடிவாகிவிட்டது என்றால், படங்களை எப்போது எடுப்பது என்பதை நாட்காட்டியைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

இடையில் இருக்கும் மூட்டுக் கழுவல்தான் சிக்கலானது. அது சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் 24 மணி நேரம் தங்க வேண்டியதில்லை. டே-கேர் சிகிச்சையாகவே கோர முடியும். மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ கொடுத்து, மருத்துவமனையிலோ டே-கேர் மையத்திலோ செய்யப்பட்டு, முன்பெல்லாம் ஒரு நாளுக்கு மேல் தங்க வேண்டியிருந்து, இப்போது தொழில்நுட்பத்தால் நேரம் குறைந்த சிகிச்சையே டே-கேர் ஆகும் என்றும், வழக்கமாகப் புறநோயாளியாகவே செய்யப்படுவது அதில் சேராது என்றும் பாலிசிகள் வரையறுக்கின்றன. பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்தபடியே செய்துகொண்டால் பணம் வராது. அறுவை அரங்கு உள்ள மருத்துவமனையில், மயக்க மருந்து நிபுணரின் குறிப்போடு செய்துகொண்டால் கேட்பதற்கு வலுவான இடம் உண்டு. பதிவு பெறாத இடமாக இருந்தால், பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் குறைந்தது 15 உள்நோயாளிப் படுக்கைகளாவது இருந்தால்தான் அது பாலிசியின் கண்ணில் மருத்துவமனை. கரோல் பாக்கிலோ லஜ்பத் நகரிலோ மாடியில் இயங்கும் கிளினிக் எவ்வளவு கைராசியானதாக இருந்தாலும் இந்தக் கணக்கில் வராது.

பாலிசியை எங்கே திறந்து படிப்பது

முதல் பக்கத்து வாக்குறுதிகளை விட்டுவிட்டு வரையறைகள் என்ற பகுதிக்குப் போங்கள். பல் சிகிச்சை என்றால் என்ன என்பதற்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரு வரையறையை வகுத்திருக்கிறது. பற்களுக்கோ பற்களைத் தாங்கும் அமைப்புகளுக்கோ செய்யப்படும் சிகிச்சை. பரிசோதனை, அடைப்பு, உறை, பல் பிடுங்குதல், அறுவை ஆகியவை அதில் அடங்கும் என்பது அதன் சாரம். உங்கள் வாதத்தின் அச்சாணி இந்த வரிதான். பற்களைத் தாங்கும் அமைப்புகள் என்பவை ஈறும், பல்லைச் சுற்றியுள்ள தசைநாரும், பல் பதிந்திருக்கும் தாடை விளிம்பெலும்பும். காதுக்கு முன்னாலுள்ள மூட்டில் எந்தப் பல்லும் பதிந்திருக்கவில்லை. கீழ்த்தாடையின் தலையும் பொட்டெலும்பின் குழியும் எந்தப் பல்லையும் தாங்கவில்லை. எல்லாப் பற்களையும் இழந்து பல்செட் போட்டிருப்பவருக்கும் இந்த மூட்டு கெடுகிறது என்பதை மட்டும் சொன்னாலே வாதம் நிற்கும்.

அடுத்து விலக்குகள் பகுதி. அங்கே மூன்று விதமான வாசகங்களில் ஒன்று இருக்கும். பல் சிகிச்சை விலக்கப்படுகிறது, விபத்தினால் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் தவிர என்று இருந்தால், மேலே சொன்ன வரையறை உங்களைக் காப்பாற்றும். நோயினாலோ காயத்தினாலோ தேவைப்படும் பல் சிகிச்சை சேரும் என்று இருந்தால் இன்னும் நல்லது. எல்லா நிறுவனங்களும் விற்கும் ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் இந்த வாசகமே இருக்கிறது. அதில் 5 விழுக்காடு கோ-பே (பில்லில் நம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு) உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். மூன்றாவதாக, தாடை மூட்டுக் கோளாறுகள் என்று பெயரைச் சொல்லியே விலக்கியிருந்தால், வரையறையைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. அப்போது அடுத்த புதுப்பித்தலின்போது வேறு நிறுவனத்துக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கலாம். ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் (சில நோய்களுக்குப் பணம் கேட்க முடியாத தொடக்கக் காலம்) புதிய பாலிசியிலும் வரவு வைக்கப்படும். ஆனால் புதிய நிறுவனம் ஏற்கும் என்பதற்கு உறுதியில்லை என்பதால், ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் கைக்கு வரும் வரை பழையதை விட்டுவிடக் கூடாது.

இப்போது இந்த வாதத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ‘இது பல் இல்லை, மூட்டு’ என்று நீங்கள் நிலைநாட்டிய உடனே, மூட்டு நோய்களுக்கான காத்திருப்புக் காலம் வந்து வாசலில் நிற்கும். மூட்டு மாற்று அறுவை, வயதினால் வரும் மூட்டுத் தேய்மானம், எலும்புத் தேய்வு ஆகியவற்றுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு, மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி இந்தக் காத்திருப்பும், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பும் 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. சென்ற ஆண்டுதான் பாலிசி எடுத்தீர்கள் என்றால், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிப்போட முடியுமா என்று மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். பல ஆண்டுகளாகப் பாலிசியைப் புதுப்பித்து வருபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. 60 மாதங்கள் தொடர்ச்சியாக நடந்த பாலிசியில், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, ‘முன்பே சொல்லவில்லை’ என்ற காரணத்தைக் காட்டி மறுக்கவும் முடியாது.

குளியலறையில் வழுக்கி விழுந்ததால் தாடை விலகியது என்பது போன்ற விபத்தாக இருந்தால், பல் சிகிச்சை விலக்கும் மூட்டு மாற்றுக்கான காத்திருப்பும் பெரும்பாலும் குறுக்கே வராது. அதற்கு அன்றைய தேதியிட்ட அவசரப் பிரிவுச் சீட்டு கட்டாயம் இருக்க வேண்டும். வயதானவர்கள் விழுந்ததைப் பிள்ளைகளிடம் மறைத்துவிட்டு, பத்து நாள் கழித்து வாய் திறக்கவில்லை என்று சொல்வது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். அந்தச் சீட்டு இல்லாமல் விபத்து என்று சொன்னால் எடுபடாது.

கோ-பே, அறை வாடகை வரம்பு ஆகியவற்றை வாடிக்கையாளர் தகவல் தாளில் பார்த்துவிடலாம். மூத்த குடிமக்களுக்கான பாலிசிகளில் இந்த இரண்டும்தான் கடைசி பில்லில் கையைக் கடிக்கும். வரம்பைத் தாண்டிய அறையை எடுத்தால் வாடகை மட்டுமல்லாமல் அறுவைக் கட்டணம் போன்ற பிற செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம்.

மருத்துவர் எழுதும் வரிகள்

கிளெய்மைப் படிப்பவர் நோயாளியைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். ஆகவே அறுவைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். எந்தப் பக்க மூட்டு, என்ன கோளாறு, எம்.ஆர்.ஐ.யில் மூட்டுக்குள் இருக்கும் தட்டு எங்கே விலகியிருக்கிறது அல்லது சி.டி.யில் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பவை அதில் இருக்க வேண்டும். வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்பதை எண்ணில் எழுதச் சொல்லுங்கள். வழக்கமாகப் பெரியவர்களுக்கு 40 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ திறக்கும். 22 மில்லிமீட்டர் என்று எழுதப்பட்ட காகிதம், ‘வாய் திறக்கச் சிரமப்படுகிறார்’ என்று எழுதப்பட்டதைவிட நூறு மடங்கு பேசும். மருந்து, ஸ்பிளின்ட், பிசியோதெரபி ஆகியவற்றை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செய்தும் பயனில்லை என்பதும் வேண்டும். இறுதியாக, இதை ஏன் மருத்துவமனையில்தான் செய்ய வேண்டும் என்பதற்கான காரணம். சர்க்கரை, இதய நோய், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை என்று முதியவர்களுக்கு உண்மையாகவே காரணங்கள் இருக்கும். அவை மருத்துவரின் மனத்தில் இருந்தால் போதாது, கடிதத்தில் இருக்க வேண்டும்.

நோய்க் குறியீட்டையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 பட்டியலில் தாடை மூட்டுக் கோளாறுகள் கே07.6 என்ற எண்ணில், வாய் நோய்களின் நடுவே இருக்கின்றன. அமெரிக்கர்கள் தங்களுக்கென்று திருத்திக்கொண்ட பட்டியலில் அதே நோய் எம்26.6 என்று எலும்பு, மூட்டு நோய்களின் பிரிவில் இருக்கிறது. முதல் எண்ணைக் கண்டதும் கணினியோ அலுவலரோ பல் என்று முத்திரை குத்திவிட வாய்ப்புண்டு. மூட்டுத் தேய்மானமோ முடக்குவாதமோதான் மூலநோய் என்றால், அதற்கான குறியீட்டையும் சேர்த்து எழுத முடியுமா என்று கேட்பது முற்றிலும் நியாயம். இல்லாத நோயின் குறியீட்டை எழுதச் சொல்வது மோசடி. கிளெய்மோடு பாலிசியும் போய்விடும்.

அறுவை செய்பவர் பெரும்பாலும் முக-தாடை அறுவை நிபுணராக இருப்பார். அவர் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர் என்பதால், மருத்துவர் என்பதற்குப் பாலிசி தரும் வரையறையில் மருத்துவக் கவுன்சில் மட்டுமே இருப்பதைக் காட்டிச் சில அலுவலர்கள் இழுத்தடிப்பதுண்டு. பல்துறை மருத்துவமனையில் சேர்ந்து, மயக்க மருந்து நிபுணரின் பெயரும் பொது மருத்துவரின் பெயரும் கோப்பில் இடம்பெற்றால் இந்த இழுபறி குறையும்.

எல்லாவற்றையும்விடக் கவனம் வேண்டிய இடம், சேர்க்கையின்போது இளம் மருத்துவர் எழுதும் நோய் வரலாறு. அவர் இந்தியில் ‘கப் ஸே ஹை?’ (எப்போதிலிருந்து இருக்கிறது?) என்று கேட்பார். முப்பது ஆண்டுகள் ஆர்.கே. புரத்தில் வாழ்ந்திருந்தாலும் கறிகாய் வாங்கும் அளவுக்கு மட்டுமே இந்தி பேசும் நம் அம்மா, நீண்ட நாளாகத் துன்பப்படுகிறேன் என்று உணர்த்துவதற்காக, ‘பஹுத் ஸால் ஸே’ என்பார். ‘பல ஆண்டுகளாக’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி கோப்பில் ஏறிவிடும். பாலிசி எடுப்பதற்கு முன்பே நோய் இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரியே சான்றாகிவிடும். உண்மையில் பல ஆண்டுகளாக இருந்தது வலியில்லாத வெறும் சொடக்குச் சத்தமாக இருக்கும்; வலியும் பூட்டிக்கொள்வதும் ஆறு மாதமாகத்தான் இருக்கும். பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவரால் கண்டறியப்பட்டதோ, சிகிச்சையோ ஆலோசனையோ பெறப்பட்டதோதான் முன்பே இருந்த நோய். யாரிடமும் காட்டாத ஒரு சத்தம் அதில் சேராது. ஆகவே சேர்க்கையின்போது வீட்டில் இந்தி சரளமாகப் பேசுபவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, எது எப்போது தொடங்கியது என்பதைப் பிரித்துச் சொல்லட்டும். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும் அந்த வரியைத்தான் முதலில் படியுங்கள். பிழை இருந்தால் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே மருத்துவரின் கையெழுத்தோடு திருத்தி வாங்குங்கள். கிளெய்ம் மறுக்கப்பட்ட பிறகு வாங்கும் திருத்தத்தை யாரும் நம்புவதில்லை.

மருத்துவமனையில்

திட்டமிட்ட அறுவை என்றால் பாலிசி சொல்லும் கால அளவுக்கு, பொதுவாக 48 மணி நேரத்துக்கு, முன்பே மருத்துவமனையின் டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் கிளெய்மைக் கையாளும் அமைப்பு) மேசை வழியாகக் கேஷ்லெஸ் முன் அனுமதி, அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவதற்கான அனுமதி, கேளுங்கள். மருத்துவரின் கடிதமும் பட அறிக்கைகளும் அந்த முதல் விண்ணப்பத்தோடேயே போகட்டும். கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், வீட்டுக்கு அனுப்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும், தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் தொகையைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும் என்றும் 2024 மே மாத முதன்மைச் சுற்றறிக்கை கூறுகிறது. ஆனால், கேஷ்லெஸ் மறுக்கப்படுவது கிளெய்ம் மறுக்கப்படுவதாகாது. பணத்தைக் கட்டிவிட்டு எல்லா ஆவணங்களோடும் ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

பில்லைப் பற்றி ஒன்று. மயக்கத்தில் இருக்கும்போதே ஆடிக்கொண்டிருக்கும் இரண்டு பற்களையும் எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொன்னால், அதில் தவறில்லை. ஆனால் அதற்கான கட்டணத்தைத் தனி பில்லாகப் போடச் சொல்லி நீங்களே கட்டிவிடுங்கள். மூட்டு அறுவை பில்லில் பல் பிடுங்கிய ஒரு வரி இருந்தால், முழு பில்லும் பல் சிகிச்சை என்று பேசப்படும். செயற்கை மூட்டு பொருத்தியிருந்தால் அதன் பெட்டியிலுள்ள ஸ்டிக்கரும் விலைப்பட்டியலும் கோப்பில் இருக்க வேண்டும்.

மத்திய அரசு ஓய்வூதியர்களும் எழுபதைக் கடந்தவர்களும்

தில்லித் தமிழ்ப் பெரியவர்களில் கணிசமானோர் மத்திய அரசில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் என்பதால், மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்குமான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸின் அட்டை வைத்திருப்பார்கள். தனியார் பாலிசியைவிட இந்தக் கோளாறுக்கு அது எளிய வழி. அதில் பல் சிகிச்சைக்கும் கட்டணப் பட்டியல் இருப்பதால், பல்லா மூட்டா என்ற சண்டையே பெரும்பாலும் எழாது. அத்திட்டத்தின் மருந்தகமான வெல்னெஸ் சென்டரின் மருத்துவர் தரும் பரிந்துரையோடு பட்டியலிலுள்ள மருத்துவமனைக்குப் போகலாம். 70 வயதைக் கடந்தவர்கள் பரிந்துரை இல்லாமலே நிபுணரைப் பார்க்கலாம். செய்யப்போகும் அறுவை கட்டணப் பட்டியலில் இல்லை என்றால் மட்டும் முன் அனுமதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

70 வயது நிறைந்த எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 2024 அக்டோபர் 29 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தில்லி 2025 ஏப்ரலில் அதில் சேர்ந்தது. தில்லி அரசு தன் பங்குக்கு இன்னும் 5 லட்சம் சேர்க்கிறது. ஆதாரைக் கொண்டு வய வந்தனா அட்டை எடுத்துக்கொள்ளலாம். இதில் காத்திருப்புக் காலமே இல்லை. முன்பே இருந்த நோய்களும் முதல் நாளிலிருந்து சேரும். முக-தாடை அறுவைக்கு இதில் தனிப் பிரிவு இருக்கிறது; தாடை மூட்டு இறுகிப் பூட்டிக்கொண்டதற்கான அறுவை அதன் தொகுப்புகளில் ஒன்று. ஸ்பிளின்ட், பிசியோதெரபி போன்ற புறநோயாளிச் செலவுகளுக்கு இதுவும் உதவாது. தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் அதோடு இந்த அட்டையையும் வைத்துக்கொள்ளலாம். சி.ஜி.எச்.எஸ். வைத்திருப்பவர்கள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தக் கோளாறு ஒன்றுக்காக சி.ஜி.எச்.எஸ்.ஸை விட்டுவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுத்துவிட்டால்

பாலிசியின் எந்த விதியின் கீழ் மறுக்கிறோம் என்பதை நிறுவனம் எழுத்தில் தர வேண்டும். தொலைபேசியில் சொல்லும் காரணத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். மூத்த குடிமக்களின் புகார்களுக்கென்று நிறுவனங்கள் தனி வழி வைத்திருக்க வேண்டும் என்பதால், நோயாளியின் வயதைக் கடிதத்தின் தலைப்பிலேயே குறிப்பிடுங்கள். நடையில் சூடு வேண்டாம். இந்த அளவு போதும்:

‘பல் சிகிச்சை விலக்கைக் காட்டி என் கிளெய்ம் மறுக்கப்பட்டுள்ளது. பற்களுக்கும் பற்களைத் தாங்கும் அமைப்புகளுக்கும் செய்யப்படுவதே பல் சிகிச்சை என்று தங்கள் பாலிசியே வரையறுக்கிறது. எனக்குச் செய்யப்பட்டது வலது தாடை மூட்டுக்கான அறுவை. அந்த மூட்டு எந்தப் பல்லையும் தாங்குவதில்லை என்பதை அறுவை நிபுணரின் கடிதமும் எம்.ஆர்.ஐ. அறிக்கையும் காட்டுகின்றன. தாடை மூட்டு பாலிசியில் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை. ஆகவே முடிவை மறுபரிசீலனை செய்யக் கோருகிறேன்.’

இதை ஆங்கிலத்தில் எழுதி, கடிதம், அறிக்கை, பாலிசியின் வரையறைப் பக்கம் மூன்றையும் இணைத்து அனுப்புங்கள். பாலிசி வாசகம் இரண்டு பொருள் தருமானால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள் கொள்ள வேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்றுள்ள நெறி என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் 155255 என்ற எண்ணிலும் அதே புகாரைப் பதிவு செய்துவிடுங்கள்.

ஒரு மாதத்துக்குள் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் நிறைவளிக்கவில்லை என்றாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் நடுவரான காப்பீட்டு ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். தில்லிக்கான அலுவலகம் ஆசஃப் அலி சாலையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிக்கிறது. கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் வைத்து வாதாட அங்கே இடமில்லை என்பது முதியவர்களுக்கு ஒருவகையில் நல்லதே. விசாரணையைக் காணொளி வழியாகவும் நடத்த விதிகள் இடம் தருவதால், படியேற முடியாதவர்கள் அதைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் வழங்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் அதை நிறைவேற்றியாக வேண்டும். தீர்ப்பில் உங்களுக்கு நிறைவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது. அதற்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு என்பதால், நிறுவனத்தின் மறுப்புக் கடிதம் வந்த உறையைக்கூட அஞ்சல் முத்திரையோடு பத்திரப்படுத்தி வையுங்கள்.